காலையில் சிங்க்கில் வைத்த கோழி

மாணவர்களே, போன மாதம் படிவம் நான்கு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். உள்ளுறை வெப்பம் பாடம் முடிந்திருந்தது. மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. “உங்கள் வீட்டில் உறைந்த கோழிக்கு எப்படி ஐஸ் போக வைக்கிறீர்கள்?” என்றேன்.

“அம்மா வேலைக்குப் போகும்போது சிங்க்கில் எடுத்து வெச்சிட்டுப் போவாங்க டீச்சர்.” வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இதே பதில். ஒரு மாணவி, “பள்ளி விட்டு வந்ததும் நான்தான் எடுத்து வெப்பேன். அம்மா ஆறு மணிக்கு மேல வந்து சமைப்பாங்க” என்றாள். கடைசி வரிசையில் ஒரு மாணவன், “எங்க வீட்ல சுடுதண்ணிய ஊத்திருவோம்” என்று சொல்லிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டவன் போலத் தலையைக் குனிந்துகொண்டான். வகுப்பே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டில் செய்வதில் பாதி தவறு. ஆனால் மீதிப் பாதி, மற்றவர்கள் செய்வதைவிடச் சரியானது. அன்று மணி அடித்துவிட்டதால் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறைந்த இறைச்சிக்கு வேகமாக ஐஸ் போக வைப்பது அவசரக்காரர்களின் குறுக்கு வழி என்று பலர் நினைக்கிறார்கள். மெதுவாக, தானாக, பொறுமையாகப் போனால்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குளிர்ந்த நாட்டில் அது ஓரளவு பொருந்தலாம். பகலில் 32 பாகை செல்சியஸ் தொடும் சித்தியவானில், சமையலறை மேசையில் மெதுவாக ஐஸ் போக வைப்பதுதான் ஆபத்து. சரியான முறையில் வேகமாகச் செய்வதே பாதுகாப்பு.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு ஒன்றரைக் கிலோ கோழியை எடுத்துச் சிங்க்கில் வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். இரண்டு மணிக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம். அன்று திடீரென்று கூட்டம் வைத்தார்கள். அதன் பிறகு விளையாட்டுப் பயிற்சி. வீடு வந்து சேர்ந்தபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. பையைத் தொட்டேன். வெளிப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. நடுவில் விரலை அழுத்தினால் இன்னும் கொஞ்சம் கெட்டி. “உள்ளே குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, கெட்டிருக்காது” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறிவியல் ஆசிரியை! இலேசாக ஒரு வாடை வந்தது. மஞ்சள் தூளைக் கூடுதலாகத் தடவிக் கழுவிச் சமைத்துவிட்டேன். கோழி விற்கும் விலையில் ஒன்றரைக் கிலோவைக் குப்பையில் போட யாருக்குத்தான் மனம் வரும்?

மறுநாள் விடியற்காலையில் எனக்கும் அம்மாவுக்கும் வயிறு புரட்டத் தொடங்கியது. நான் இரண்டு நாளில் எழுந்துவிட்டேன். அம்மாவுக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, சர்க்கரை நோய் வேறு. மூன்று நாள் மருத்துவமனையில் டிரிப் ஏற்றிக் கிடந்தார். அந்தக் கோழிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அன்று நாங்கள் வேறு உணவும் சாப்பிட்டோம். எதையும் யாரும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆனாலும் அம்மா கட்டிலில் கிடந்த அந்த மூன்று நாளும் எனக்குக் கண் முன் நின்றது சிங்க்கில் கிடந்த அந்தப் பைதான்.

இப்படி ஒரு தவறை ஒரு வீடு மட்டும் செய்வதில்லை. ஊரே ஏன் செய்கிறது என்று யோசித்தால் எனக்குப் பாட்டி நினைவு வருகிறது. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அவருக்கு இறைச்சியைப் பற்றித் தெரியாதது இல்லை. தீபாவளிக்குத் தோட்டத்தில் ஆடு அறுப்பார்கள், பங்கு போடுவார்கள், பங்கு வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் அது அடுப்பில் இருக்கும். மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்து, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு உப்புக்கண்டம் ஆக்கிவிடுவார். இறைச்சி காத்திருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அவருக்குப் பாக்டீரியாவின் பெயர் தெரியாது. ஆனால் அந்தச் சட்டம் மிகச் சரி.

பாட்டி வீட்டில் ஐஸ் பெட்டி இல்லை. தோட்டத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குள் ஐஸ் பெட்டி நுழைந்தது. உறைந்த இறைச்சியை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்த அறிவு எதுவும் இல்லை, ஏனென்றால் பாட்டிக்கு அது தேவைப்படவில்லை. அம்மா தானாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார்: காலையில் எடுத்து வெளியே வை. அதை நானும் கேள்வி கேட்காமல் பிடித்துக்கொண்டேன். நம்மில் பலருடைய வீட்டில் இதுதான் நடந்திருக்கும். மிளகாய் அரைப்பதில் நமக்குப் பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. ஐஸ் பெட்டியில் ஒன்றிரண்டு தலைமுறைதான்.

உலகத்துக்கே இது புதியதுதான். ‘டனீடின்’ என்ற கப்பல் ஏறக்குறைய 5,000 உறைந்த ஆட்டு உடல்களோடு 1882 பிப்ரவரியில் நியூசிலாந்தை விட்டுப் புறப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் இலண்டன் போய்ச் சேர்ந்தது. அதன் வெற்றிக்குப் பிறகுதான் தெற்கே அறுத்த ஆட்டை வடக்கே உண்பது பெரிய வணிகமானது. நம் பக்கம் சிங்கப்பூர் கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1903-இல் தொடங்கி, ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியைக் கொண்டுவந்தது. இன்று மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கல்லாக உறைந்து வருவதுதான். கோழி அப்படியில்லை. மஞ்சோங் மாவட்டத்தில் கோழிப் பண்ணைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் தினமும் யார் பசாருக்குப் போவது? ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஒரு வாரத்துக்கு உறையவைக்கிறோம். 2022 ஜூன் முதல் தேதி நம் அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, நம்மிடம் உயிர்க்கோழி வாங்கிப் பழகியிருந்த சிங்கப்பூர்க்காரர்கள் உறைந்த கோழியின் பக்கம் திரும்ப வேண்டி வந்தது. ஆக உறைந்த இறைச்சி நம்மை விட்டுப் போகப்போவதில்லை. அதைக் கையாளும் அறிவுதான் நம்மிடம் வந்து சேரவில்லை.

இனி வகுப்புப் பாடத்துக்கு வருவோம். ‘ஹாபா பெண்டாம் தெந்து’ என்று மலாயில் படித்தீர்களே, தமிழில் தன் உள்ளுறை வெப்பம், அதுதான் இங்கே கதாநாயகன். ஒரு கிலோ கோழி இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் கிலோ தண்ணீர். மீதி இருக்கும் புரதத்தையும் கொழுப்பையும் கணக்கின் வசதிக்காக விட்டுவிடுவோம். உறைபெட்டியின் வெப்பநிலை கழித்தல் 18 பாகை. அந்த முக்கால் கிலோ ஐஸைச் சுழிப் பாகைக்குக் கொண்டுவர 0.75 × 2,100 × 18, அதாவது 28,350 ஜூல் போதும். ஆனால் சுழிப் பாகையில் இருக்கும் ஐஸைச் சுழிப் பாகையிலேயே தண்ணீராக்க 0.75 × 334,000 தேவை. 250,500 ஜூல்! முன்னதைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இதே வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தால் அதைச் சுழியிலிருந்து கிட்டத்தட்ட 80 பாகை வரை சூடாக்கிவிடலாம்.

இப்போது புரிகிறதா, கோழி ஏன் மணிக்கணக்கில் கல்லாகவே கிடக்கிறது என்று? அது வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை மட்டும் ஏறுவதில்லை. ஆனால் இது நடுப்பகுதியின் கதை. வெளிப்பகுதியின் கதை வேறு. ஐஸ் போன வெளித்தோலுக்கு உள்ளுறை வெப்பம் என்ற காவல் கிடையாது. அது வேகமாக அறையின் வெப்பத்தை நோக்கி ஏறத் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐஸ், தண்ணீரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கோழியை உறையவைக்கும்போது முதலில் வெளிப்பக்கம் ஐஸ் ஆகிறது; அந்த ஐஸ் வழியே உள்ளிருக்கும் வெப்பம் எளிதாக வெளியேறுகிறது. ஐஸ் போகும்போது இது தலைகீழாகிறது. முதலில் வெளிப்பக்கம் தண்ணீர்ப் பதத்துக்கு வருகிறது. அது கம்பளிபோல உள்ளே இருக்கும் ஐஸைப் போர்த்திக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் வெப்பம் அந்தக் கம்பளியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் உறைவதற்கு எடுத்த நேரத்தைவிட ஐஸ் போகும் நேரம் நம் பொறுமையைச் சோதிக்கிறது. தடித்த உருண்டையாக இருந்தால் வெளித்தோல் வெதுவெதுப்பாகிப் பல மணி நேரம் ஆன பிறகும் நடுவில் ஐஸ் இருக்கும். நான் விரலை அழுத்திப் பார்த்து ஏமாந்தது இங்கேதான். நடுப்பகுதியின் குளிர்ச்சி, வெளிப்பகுதி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றே அல்ல.

பாக்டீரியா இருப்பது பெரும்பாலும் வெளிப்பகுதியில். சல்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் என்ற இரண்டும் பச்சைக் கோழியில் அடிக்கடி காணப்படுபவை. உறையவைத்தால் இவை எல்லாம் செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். ஒரு பகுதி சாகும், மீதி தூங்கும். நம் நாட்டில் உணவு கையாளுவோருக்கான பயிற்சியில் 5 முதல் 60 பாகை வரை உள்ள பகுதியை ஆபத்து மண்டலம், ‘ஸோன் பஹாயா’, என்று சொல்லித் தருகிறார்கள். அந்த மண்டலத்தின் நடுவில், வசதியான சூழலில், சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நான்கு மணி நேரத்தில் எத்தனை இரட்டிப்பு? பன்னிரண்டு. இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு 4,096. ஆயிரத்தில் தொடங்கினால் 40 இலட்சத்தைத் தாண்டிவிடும். சிங்க்கில் இருக்கும் கோழிக்கு முதல் ஓரிரு மணி நேரம் தோலும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், எனவே இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் என் கோழி கிடந்தது ஒன்பதரை மணி நேரம்.

“எப்படியும் கொதிக்க வைக்கிறோமே, எல்லாம் செத்துவிடாதா?” இந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. நன்றாக வெந்த கோழியில் சல்மோனெல்லா உயிரோடு இருக்காது. ஆனால் ஸ்டேஃபிலோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் பெருகும்போது வெளியிடும் நச்சுப்பொருள், கொதித்தாலும் அழியாது. பாக்டீரியா செத்துவிடும், அது விட்டுப்போன நஞ்சு குழம்பில் இருக்கும். இரண்டாவது, கொதிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கோழி உங்கள் சமையலறை முழுக்க நடமாடிவிடுகிறது. பையிலிருந்து வடிந்த தண்ணீர் சிங்க்கில் ஓடுகிறது. அதே சிங்க்கில் வெள்ளரிக்காய் கழுவுகிறோம். வெள்ளரிக்காயை யாரும் கொதிக்க வைப்பதில்லை. 2013-ஆம் ஆண்டு கெடாவில் ஒரு திருமண விருந்தில் ‘ஆயாம் மாசாக் மேரா’ சாப்பிட்டவர்களில் நால்வர் இறந்துபோனார்கள். காரணம் சல்மோனெல்லா. அது உறைந்த கோழியால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சமைத்த கோழிதானே என்ற தைரியம் எப்போதும் காப்பாற்றாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? அமெரிக்க வேளாண் துறை மூன்று வழிகளைச் சொல்கிறது: ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது, குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுவது, மைக்ரோவேவ். இணையத்தில் எங்கே தேடினாலும் இந்த மூன்றும்தான் கிடைக்கும். எனக்கு இதில் ஒரு சிறு மனக்குறை உண்டு. குளிர்ந்த நீர் என்றால் எது? அங்கே உணவகங்களுக்கான விதியில், ஓடும் நீர் 21 பாகைக்கு மேல் இருக்கக்கூடாது என்று இருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து வெப்பமானியை வைத்தேன். 29 பாகை! கூரைத் தொட்டியிலிருந்து வரும் மதிய நேரத் தண்ணீர் இன்னும் சூடு. அந்த நாட்டு விதியை அப்படியே மொழிபெயர்த்து இங்கே ஒட்டினால் நம் குழாய்த் தண்ணீர் முதல் வரியிலேயே தோற்றுவிடும்.

அதற்காக நீர் முறையைக் கைவிட வேண்டுமா? வேண்டாம் என்கிறேன். காரணம் இருக்கிறது. அதே அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்கள் ஈஸ்ட்ரிட்ஜ், பௌக்கர் இருவரும் 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய இரண்டரை செண்டிமீட்டர் தடிமன் உள்ள மாட்டிறைச்சித் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். (நம்மில் பலர் அதைத் தொடமாட்டோம். வெப்பத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.) 4 பாகைக் குளிர்பெட்டியில் ஐஸ் போக 18 முதல் 20 மணி நேரம் ஆனது. 20 பாகை நீரில் 20 நிமிடம். 39 பாகை நீரில் 11 நிமிடம்! சாறு வடிவதிலோ மென்மையிலோ, வேகமாக ஐஸ் போன துண்டுகள் மெதுவாகப் போனவற்றுக்குத் தாழ்ந்துவிடவில்லை. நம் 29 பாகைக் குழாய் நீர் இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கும் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கிறது. துண்டு மெல்லியதாக இருந்தால் கால் மணியில் வேலை முடியும். கால் மணி நேரத்தில் பாக்டீரியா என்ன பெரிதாகப் பெருகிவிடப் போகிறது?

காற்றுக்கும் நீருக்கும் ஏன் இவ்வளவு வேறுபாடு என்றால், நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மேலும் ஒரு வேடிக்கை. முன்பு போட்ட கணக்கின்படி ஒரு கிலோ கோழிக்கு ஐஸ் போக ஏறக்குறைய 279,000 ஜூல் வேண்டும். அதை 5 லிட்டர் தண்ணீர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், 279,000 வகுத்தல் (5 × 4,200), அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 13 பாகை குளிர்ந்துவிடும். 29-இல் தொடங்கியது 16-க்கு வந்து நிற்கும். அதாவது கோழியே தன் தண்ணீரைக் குளிர்ந்த நீராக்கிக்கொள்கிறது! கையை விட்டுப் பாருங்கள், தெரியும். ஐஸ் இருக்கும் வரை அது தன்னைச் சுற்றிக் குளிரைப் பரப்பிக்கொண்டே இருக்கும். ஐஸ் போன பிறகும் அதைத் தண்ணீரில் மறந்துவிட்டால்தான் வம்பு.

எல்லாவற்றுக்கும் அடிப்படை தடிமன்தான். தடிமன் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாவதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. வெப்பம் கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது, உருக்க வேண்டிய ஐஸும் கூடுகிறது, இரண்டும் பெருகிக்கொள்கின்றன. நாம் என்ன செய்கிறோம்? பசாரில் இரண்டு கிலோ கோழியை வெட்டித் தருகிறார்கள். அந்தப் பையை அப்படியே முடிச்சுப் போட்டு உறைபெட்டிக்குள் தள்ளுகிறோம். மறுநாள் அது பந்தாகிவிடுகிறது. பந்தை எந்த முறையில் வைத்தாலும் பாடுதான். புதன்கிழமை மாலை வேகமாக ஐஸ் போக வேண்டும் என்றால் அதற்கான வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையே செய்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஸிப் பையில் போட்டு, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்கவைத்து உறையவையுங்கள். காற்று உள்ளே இருந்தால் அதுவும் கம்பளிதான்; தவிர பை நீரில் மூழ்காமல் மிதக்கும். புதன் மாலை அம்மா வீட்டுக்கு வந்து குளித்து முடிப்பதற்குள் ஒரு வாளித் தண்ணீரில் அதற்கு ஐஸ் போயிருக்கும். இடையில் ஓரிரு முறை தண்ணீரைக் கலக்கிவிட்டால் இன்னும் வேகம், ஏனென்றால் பையை ஒட்டியிருக்கும் குளிர்ந்த நீர் நகர்ந்து புது நீர் வரும். ஐஸ் போனதும் நேராக அடுப்புக்குப் போக வேண்டும். அங்கே பாட்டியின் சட்டம்.

எலும்போடு முழுக் கோழியாக உறைந்திருந்தால் நம் குழாய்த் தண்ணீரில் போடாதீர்கள், மணிக்கணக்காகும். முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள், அடியில் ஒரு தட்டு வைத்து. இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். மறந்துவிட்டால் அன்றைக்குச் சார்டின் டின்னைத் திறங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

மைக்ரோவேவ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐஸைவிடத் தண்ணீர்தான் அந்த அலைகளை மிக நன்றாக உறிஞ்சும். அதனால் எங்கே முதலில் உருகுகிறதோ அங்கேயே மேலும் மேலும் சூடாகும். ஓரம் வெந்து வெளுத்துப்போகும், நடுவில் ஐஸ் இருக்கும். ‘டிஃப்ராஸ்ட்’ பொத்தான் விட்டுவிட்டு இயங்குவது, சூடு பரவ நேரம் கொடுக்கத்தான். அதில் எடுத்ததை உடனே சமைத்துவிட வேண்டும்.

மைக்ரோவேவைவிட எனக்குப் பிடித்தது பாட்டியின் பழைய அலுமினியச் சட்டி. அலுமினியம், நாம் இன்று பெருமையாக வாங்கும் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு சட்டியைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தின் மேல் தட்டைப் பையை வைத்து, மேலே இன்னொரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் நிரப்பி அமர்த்துங்கள். மேலும் கீழும் இருந்து வெப்பம் பாயும். உறைந்த ரொட்டிச் சானாய் மாவுக்கும் இது நன்றாக வேலை செய்கிறது, சோதித்துவிட்டேன்.

அந்தச் சுடுதண்ணீர் மாணவனை மறக்கவில்லை. அவன் வீட்டார் வேகத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. கொதிக்கும் நீரை ஊற்றியது தவறு. 60 பாகைக்கு மேல் வெளிப்புறப் புரதம் வெந்து இறுகிவிடும், உள்ளே கல்லாகவே இருக்கும், சமைக்கும்போது வெளியே சக்கையும் உள்ளே பச்சையுமாக வரும். கூடவே கையும் வெந்துபோகலாம். கெட்டிலை வைத்துவிட்டுக் குழாயைத் திற தம்பி, அவ்வளவுதான்.

கடையில் சமைப்பவர்கள் உணவு கையாளும் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகள் சொல்கின்றன. வீட்டில் தினமும் சமைக்கும் நம் அம்மாக்களுக்கு அப்படி யாரும் வகுப்பு எடுப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. வேலைக்குப் போய் வந்து சமைப்பவர்களுக்குக் குறை சொல்லக் கேட்க நேரமும் இல்லை. அம்மாவுக்கு முன்பே வீட்டுக்கு வருவது நீங்கள். தேர்வுக்காக உள்ளுறை வெப்பத்தைப் படிப்பதும் நீங்கள். பையைத் தட்டையாக்கி வைப்பதும் வாளியில் போடுவதும் உங்களால் முடியும். இதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லவில்லை. அன்று வகுப்பில் “நான்தான் எடுத்து வைப்பேன்” என்று கை தூக்கியவர்களில் மாணவர்கள் இரண்டே பேர். கோழி சாப்பிடும்போது அந்தக் கணக்கு அப்படி இருப்பதில்லை.

நான் சொன்னதை நம்பவேண்டாம், அளந்து பாருங்கள். கோழியை வீணாக்க வேண்டாம், தண்ணீரே போதும். ஆளுக்கு அரை லிட்டராக இரண்டு ஸிப் பையில் ஊற்றுங்கள். ஒன்றைக் கிண்ணத்துக்குள் உட்காரவைத்து உருண்டையாகவும், இன்னொன்றைத் தட்டில் படுக்கவைத்துத் தட்டையாகவும் உறையவையுங்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு உருண்டையை ஒரு தட்டில் மேசைமேல் வையுங்கள். தட்டையை 5 லிட்டர் குழாய் நீரில் மூழ்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எவ்வளவு குறைந்து நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டைப் பை முடிந்ததும் நேரத்தைக் குறியுங்கள். உருண்டையின் நேரத்தைக் குறிக்க அவசரப்பட வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போய்ப் பார்த்தால் போதும்.